வினைச்சொல்லைப் பிடி மக்களே, பெயர்ச்சொல் தானா வரும்

நீளமாக எழுதி ரொம்ப நாளாச்சு. போன வாரம் ஒரு போன் வந்தது. அதிலிருந்து மனசில் கிடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடணும். கடைசியில் என் மாணவர்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்கவேண்டியிருக்கிறது. அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

போன் செய்தது என் தங்கச்சியின் பேரன். லிஸ்பனில் ஒரு ஓட்டலின் அடுக்களையில் வேலை பார்க்கிறான். நமக்கு ராத்திரி பத்தரை, அவனுக்குச் சாயங்காலம். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் போய்ச் சேர்ந்த முதல் மாசம் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை, அழுதான் என்பது எனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். பெரிய சமையல்காரர் இவனைப் பார்த்து "வாய்!" என்று சத்தம் போட்டிருக்கிறார். "வா" என்று கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று இவன் பக்கத்தில் போய் நின்றிருக்கிறான். அவர் இன்னும் சத்தமாக "வாய், வாய்!" என்றிருக்கிறார். இவன் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றிருக்கிறான். போர்ச்சுக்கீஸில் "வாய்" என்றால் "போ". சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு போ என்று அவர் விரட்ட, இவன் மூக்கோடு மூக்கு நிற்கிறான். அடுக்களை முழுக்கச் சிரிப்பு. இவன் சாமான் அறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

இத்தனைக்கும் அவன் ஒன்றும் தெரியாமல் விமானம் ஏறினவன் இல்லை. கைப்பேசிச் செயலியில் ஆறு மாசம் படித்தான். ஆப்பிள், ஆமை, குடை, செய்தித்தாள் என்று நூற்றுக்கணக்கில் சொல் தெரியும். "போ" தெரியவில்லை.

அன்றைக்கு அவன் அம்மா, என் தங்கச்சி மகள், எனக்குப் போன் போட்டு, "மாமா, நீங்க எத்தனை பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தீங்க, இவனுக்கு ஏதாவது வழி சொல்லப்படாதா?" என்றாள். எனக்குப் போர்ச்சுக்கீஸ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் அவள் குரல் கேட்கச் சகிக்கவில்லை. கடன் வாங்கி அனுப்பின பிள்ளை. மறுநாள் ஒரு நோட்டு வாங்கி, எழுபது கழிந்த வயதில் நானும் பிள்ளையாகி உட்கார்ந்தேன். அவன் அங்கே கேட்டதைச் சொல்வான், நான் இங்கே இலக்கணத்தைத் தேடி எழுதுவேன். இரண்டு வருஷமாக இதுதான் எங்கள் ராத்திரிப் பள்ளிக்கூடம்.

அதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. ஒரு மொழியில் பிழைக்கப் போகிறவன் முதலில் பிடிக்கவேண்டியது அன்றாட வினைச்சொல்லை. போ, வா, கொடு, எடு, இரு, வேணும், முடியும், தெரியும். பெயர்ச்சொல்லை விரலால் காட்டிவிடலாம். தக்காளியைக் காட்டலாம், கத்தியைக் காட்டலாம். "நேத்தே கொடுத்திட்டேன்" என்பதை எந்த விரலால் காட்டுவது? "எனக்கு முடியல, நாளைக்கு வாறேன்" என்பதை?

நம்ம வீட்டுக்குள்ளேயே இதற்கு ஐந்நூறு வருஷத்துச் சாட்சி இருக்கிறது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, வராந்தா, துவாலை, பீப்பாய், ஏலம், பாதிரி, அன்னாசி, பப்பாளி, கொய்யா எல்லாம் போர்ச்சுக்கீஸ்காரர் வழியாக வந்த சொற்கள். நாற்காலியை நம்ம ஊர் வயசாளிகள் 'கசேரை' என்பார்கள். அதுவும் அவர்களுடைய 'கதெய்ர'தான், மலையாளம் வழியாக நமக்கு வந்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்தானே நாம்.

இந்தப் பட்டியலை நன்றாகப் பாருங்கள். அத்தனையும் பெயர்ச்சொல். சாமான் கப்பலில் வந்தது, கூடவே பெயரும் வந்தது. ஒரு வினைச்சொல்லாவது வந்ததா? துணியைத் தேய்க்கிற 'இஸ்திரி' அவர்களுடைய 'இஷ்திரார்' என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள். இழுத்து நீட்டுவது என்று அர்த்தம். அதையும் நாம் பெயர்ச்சொல்லாக்கி, பக்கத்தில் நம்முடைய 'போடு' என்ற வினையைச் சேர்த்து 'இஸ்திரி போடு' என்றுதான் சொல்கிறோம். ஏலம் எடுக்கிறோம், சாவி கொடுக்கிறோம். பொருள் அவர்களுடையது, செயல் நம்முடையது. சந்தையில் நின்று பேசினால் பெயர்ச்சொல் கிடைக்கும். வினைச்சொல் வேண்டுமென்றால் கூட இருந்து பழகணும்.

அந்தக் காலத்தில் அவர்கள் பக்கமும் இதே கஷ்டம்தான். கோட்டாறு சவேரியாரை எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் 3 திருவிழா என்றால் நம் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சாதி மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் கொண்டாடின விடுமுறை அது. அவர் 1542இல் கோவா வந்து, பிறகு முத்துக்குளித்துறைக்கும் நம் கடற்கரைக்கும் வந்தவர். தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார்.

1544ஆம் வருஷக் கடைசியில், கடற்கரையில் தன்னோடு வேலை செய்த மான்சிலியாஸ் என்ற துணைவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். அதில் ஒரு திருத்தம். விசுவாசப் பிரமாணத்தில் "நம்புகிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் இத்தனை நாளாக "எனக்கு வேணும்" என்று சொல்லி வந்திருக்கிறார்கள். 'வேணும்' என்றால் விருப்பத்தைச் சொல்வது, அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடும் என்கிறார். யோசித்துப் பாருங்கள். கடற்கரையில் நின்று ஊரே கூடி "கடவுளை நம்புகிறேன்" என்று சொல்வதாக அவர் நினைத்திருக்க, ஊர் "கடவுள் எனக்கு வேணும்" என்று சொல்லியிருக்கிறது. கேட்டவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஒரே ஒரு அன்றாட வினை அர்த்தத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது பாருங்கள். அந்தத் தப்பை ஒளிக்காமல், கடிதம் எழுதித் திருத்தினாரே, அதுதான் நல்ல மாணவனின் லட்சணம்.

அவருக்குப் பின்னால் வந்தவர் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். அண்டிரிக் அடிகளார் என்றும் சொல்வோம். 1546இல் இந்தியா வந்து, புன்னைக்காயல் பக்கம் ஆயுள் முழுக்க இருந்து, 1600இல் இறந்தார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் ஆக்கியது. பதினாறு பக்கச் சிறு புத்தகம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் அதுதான். அதற்கு முன்பே, 1549 வாக்கில், போர்ச்சுக்கீஸ் மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அவர் தமிழைப் பிடித்த வழி என்ன தெரியுமா? லத்தீன் படித்த முறையில் தமிழ் வினைகளை எடுத்து, இறந்தகாலம், எதிர்காலம், நான், நீ, அவன் என்று வரிசையாக மடக்கி மடக்கி எழுதிப் பார்த்தார். வினையைப் பிடித்தார், மொழி வசப்பட்டது.

இனி போர்ச்சுக்கீஸுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், தமிழ் தெரிந்தவனுக்கு இந்த மொழியின் வினைச்சொல் இங்கிலீஷைவிட எளிது. "போறேன்" என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது அல்லவா? அங்கேயும் அப்படித்தான். 'வோ' என்றால் போறேன். 'வாய்ஷ்' என்றால் நீ போற. 'வாய்' என்றால் அவன் போறான், அவள் போறாள். 'வாமுஷ்' என்றால் போறோம். 'நான்', 'நாம்' என்று தனியாகச் சொல்லாமலே விளங்கிவிடும். இங்கிலீஷ்காரன் இதைப் பார்த்துப் பயப்படுவான். நாம் ஏன் பயப்படணும்?

இன்னொன்று, 'வோ குமேர்' என்றால் "சாப்பிடப் போறேன்". 'குமேர்' சாப்பிட, 'வோ' போறேன். நம்மைப் போலவே எதிர்காலத்தைச் சொல்ல 'போ' என்ற வினையைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். 'தார்' என்றால் கொடுப்பது, நம்முடைய 'தா'. இது தற்செயல்தான், உறவு ஒன்றுமில்லை. ஆனால் நினைவில் நிற்க நல்ல ஆணி.

மரியாதையும் நமக்குப் பழகினதுதான். இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. அங்கே சேக்காளிக்கு 'தூ'. பெரியவருக்கு 'உ செஞோர்', அதாவது ஐயா என்று சொல்லி, வினையைப் படர்க்கையில் வைப்பார்கள். நம்மூரில் முகத்துக்கு நேரே "சார் எப்பம் வந்தாரு?" என்று கேட்போமே, அதே ஜாடை. நடுவில் வந்த 'ஞோ'வைக் கவனித்தீர்களா? விளவங்கோடு பக்கம் 'ஞான்' என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒலியை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

'இரு' என்பதற்கு அங்கே இரண்டு வினை. 'சேர்' ஒன்று, 'இஷ்தார்' ஒன்று. இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் இதில் மாசக்கணக்கில் தடுமாறுவார்கள். பேரனுக்கு நான் சொன்ன வழி இது. "நான் வாத்தியார்" என்று சொல்லும்போது தமிழில் 'இரு' வராது. அங்கே 'சேர்' போடு, 'சோ ப்ருஃபெசோர்'. "நான் வீட்டில இருக்கேன்" என்னும்போது 'இரு' வருகிறது. அங்கே 'இஷ்தார்' போடு, 'இஷ்தோ எங் காஸ'. முழுக்கச் சரியான விதி இல்லை. "அவள் அழகா இருக்கா" என்று நாம் சொல்வோம், அவர்கள் அதற்கு 'சேர்'தான் போடுவார்கள். வங்கி எங்கே இருக்கு என்று கேட்க 'ஃபிகார்' என்று இன்னொரு வினையும் உண்டு. ஆனாலும் அடி எடுத்து வைக்க இந்த வழி போதும்.

வழுக்குகிற இடங்களும் உண்டு. நமக்கு 'கேள்' ஒன்றே. பாட்டுக் கேட்கலாம், கேள்வி கேட்கலாம், கடன் கேட்கலாம். அங்கே மூன்றும் வேறு வேறு. காதால் கேட்பது 'ஓவீர்', கேள்வி கேட்பது 'பெர்குந்தார்', வேண்டிக் கேட்பது 'பெதீர்'. 'தெரியும்' என்பதும் அப்படி. விஷயம் தெரிவது 'சபேர்', ஆளைத் தெரிவது 'குஞெசேர்'. கொண்டு வா, கொண்டு போ என்று நாம் இரண்டு வினையைச் சேர்த்துச் சொல்வதை அவர்கள் 'த்ரஸேர்', 'லெவார்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். அடுக்களை வேலையில் இந்த இரண்டும் மாறினால் சூப்புத் தட்டு போகவேண்டிய மேசைக்குப் போகாது.

சவேரியாரைத் திணறவைத்த 'வேணும்' என் பேரனையும் விடவில்லை. காப்பி வேணும் என்பதற்கு 'கேரு' என்று நேராகச் சொல்லிவந்தான். கூட வேலை பார்க்கும் ஒரு பெண்மணிதான் மெதுவாகத் திருத்தினார். கடையில் 'கேரிய' என்று கேள், அதுதான் பணிவு என்று. இறந்தகால வடிவத்தை எடுத்து மரியாதைக்குப் பயன்படுத்துகிறார்கள். ஏறக்குறைய "ஒரு காப்பி கிடைச்சா நல்லாருக்கும்" என்கிற மாதிரி. செயலி இதைச் சொல்லித்தரவில்லை. போதாக்குறைக்கு அந்தச் செயலியில் இருந்தது பிரேசில் நாட்டுப் பேச்சு. "சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்பதற்கு 'இஸ்தோ கொமேந்து' என்று படித்துப் போனான். லிஸ்பனில் 'இஷ்தோ அ குமேர்' என்கிறார்கள். போர்ச்சுகலுக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் குடியுரிமைக்கு மனுப் போடவும் ஏ2 நிலை மொழி அறிவு கேட்கிறார்கள்.

"சார், மருந்து, கத்தி, தீ என்று பெயர் தெரியாமல் எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயம். வேலை செய்யும் இடத்துச் சாமான் பெயர் கண்டிப்பாக வேணும். ஆனால் அவை கண்முன்னே இருக்கின்றன, நாலு நாளில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஆறு மாசம் ஆமையும் யானையும் படிக்க வேண்டாம். "இப்பம்தான் கைப்பேசியே மொழிபெயர்க்குதே" என்றும் சொல்வீர்கள். ஆஸ்பத்திரியில், அலுவலகத்தில் அது நல்ல துணை. கையில் சூடான சட்டியோடு நிற்கிறவனிடம் "போ" என்று ஒருவர் கத்தும்போது அதை எங்கே எடுத்து, எங்கே தட்டுவது?

எங்கள் முறையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நாளைக்கு ஒரு வினை. அதை நான், நீ, அவர், நாம் என்று நாலு ஆளுக்கும், நேற்று, இன்று, நாளை என்று மூன்று காலத்துக்கும் சொல்லிப் பார்க்கணும். பிறகு முன்னால் 'நவுங்' சேர்த்து 'இல்லை' ஆக்கணும். பிறகு குரலை உயர்த்தி அதையே கேள்வியாக்கணும். கடைசியில் அன்றைக்கு வேலையிடத்தில் நடந்த ஒன்றை அந்த வினையால் சொல்லணும். இருபத்தைந்து நாளில் இருபத்தைந்து வினை. அதிகம் புழங்கும் வினைகள்தான் அதிகம் கோணலாக இருக்கும், அதற்குப் பயப்படக்கூடாது. நம் 'வா' மட்டும் என்னவாம்? வந்தேன், வருகிறேன், வாறேன் என்று எத்தனை வேஷம்! நாலு பேர் கால் படும் படிதான் தேயும். அவர்களுக்கு 'ஃபுய்' என்றால் "போனேன்" என்றும் அர்த்தம், "இருந்தேன்" என்றும் அர்த்தம். நோட்டில் எழுதிப் பார்த்து நானே சிரித்தேன்.

இனி அந்த மன்னிப்பு.

34 வருஷம் நான் உங்களுக்கு இங்கிலீஷ் நடத்தினேன். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். பாதிக்கு மேல் பெயர்ச்சொல். மறுநாள் காலையில் கேட்பேன், சொல்லாதவர்கள் நிற்கணும். நீங்கள் படித்தீர்கள், மார்க் வாங்கினீர்கள், நானும் நல்ல வாத்தியார் என்று பெயர் வாங்கினேன். பிறகு உங்களில் ஒருவன் வளைகுடாவுக்குப் போய் முதல் லீவில் வந்தபோது சொன்னான், "சார், அங்க போய் மூணு மாசம் நான் ஊமை." அவன் என் வகுப்பில் முதல் மார்க். அவனுக்குக் கூச்சம் என்று நான் நினைத்தேன். கூச்சம் இல்லை மக்களே. நான் அவனுக்குச் சாமான்களைக் கொடுத்தேன், அவற்றை எடுக்கவும் கொடுக்கவும் கையைக் கொடுக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி, "நேத்து என்ன செய்த, சொல்லு" என்று இங்கிலீஷில் பேசவிட்டிருந்தால் பாடம் கொஞ்சம் பின்தங்கியிருக்கும், அவ்வளவுதான். அதை நான் செய்யவில்லை. யாரெல்லாம் அந்த மூன்று மாசத்தை வேற்றூரில் ஊமையாகக் கழித்தீர்களோ, அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் இன்றைக்கு ஆசிரியராக இருப்பவர்கள் அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம்மில் யாரும் வீட்டைவிட்டு இறங்கும்போது "போறேன்" என்று சொல்லமாட்டோம். "போயிட்டு வாறேன்" என்போம். சொல்லத் தவறினால் பெரியவர்கள் திருத்துவார்கள். போர்ச்சுக்கீஸில் நேர் எதிர். யாராவது கூப்பிட்டால், நாம் "இதோ வாறேன்" என்கிற இடத்தில் அவர்கள் 'ஜா வோ' என்பார்கள். "இதோ போறேன்" என்று வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம். பேரன் அதைப் பழகிவிட்டான். இப்போது பெரிய சமையல்காரர் கூப்பிட்டால் 'ஜா வோ' என்று ஓடுகிறானாம்.

அன்றைக்கு ராத்திரி அவன் அம்மாவும் கூட்டுப் போனில் இருந்தாள். பேசி முடித்து, பழக்கதோஷத்தில் 'ஜா வோ' என்றவன், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அம்மா, பாட்டா, வாறேன்" என்றான். அவள் ஒன்றும் பேசவில்லை. "சரி, வா மக்களே" என்று நான்தான் சொன்னேன்.

வெளிநாட்டில், வெளிமாநிலத்தில் இருக்கும் என் பிள்ளைகள், நீங்கள் போன ஊரில் உங்களைக் காப்பாற்றிய முதல் வினைச்சொல் எது என்று கீழே எழுதுங்கள். என் நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார்